கண்ணுசாமி லாரியில் இடம் இல்லை

நயா பைசா வந்த வருஷம். பழைய அணாவும் புதுக் காசும் ஒரே சுருக்குப்பையில் கிடந்து, கடைக்குக் கடை சனங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டைகளிலிருந்து எங்கள் சந்தின் கவனத்தைத் திருப்பியது கண்ணுசாமி வாங்கி வந்த லாரிதான். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஓடிய பழைய ஷெவர்லே. பச்சைக்கு மேல் நீலம் அடித்திருந்தார்கள். நாலு மழை பெய்தால் நீலத்துக்கு அடியிலிருந்து பட்டாளம் எட்டிப் பார்த்துவிடும். வந்த அன்றைக்கே சந்தின் முனையில், செபாஸ்தியம்மாள் வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அவ்வளவு தூரம்தான் ஓடியது. பிறகு அங்கேயே நின்றது.

வண்டி வாங்கினவர் ஓட்டாமல் நிறுத்தி வைப்பாரா என்று கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கண்ணுசாமி சொன்ன பதில், போணி இன்னும் அமையவில்லை என்பது. கடைக்காரன் காலையில் முதல் வியாபாரத்தைப் பார்த்துச் செய்கிறான் அல்லவா, அதுபோல லாரிக்கும் முதல் லோடு முழு லோடாக அமைய வேண்டுமாம். முதல் லோடு அரைகுறையாக ஏறினால் அந்த வண்டி ஆயுசு முழுக்க அரைகுறையாகத்தான் ஓடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று விசாரித்துப் பார்த்தேன். அவரேதான் என்று கடைசியில் தெரிந்தது.

கண்ணுசாமி லாரிக்குப் புதியவர் இல்லை. பழனி ரோட்டில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் நல்லுசாமியிடம், தலைமுடி கறுப்பாக இருந்த காலம் பூராவும் டிரைவராக இருந்தவர். நல்லுசாமியின் வண்டிகள் முழு லோடு மட்டும்தான் ஏற்றும். ஒரே வியாபாரி, ஒரே சரக்கு. ஓரிடத்தில் ஏற்றி ஓரிடத்தில் இறக்குவதோடு சரி. புகையிலைச் சிப்பங்களை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு முறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து போகும். வழியெல்லாம் நின்று, ஒருத்தரிடம் அரை மூட்டை, இன்னொருத்தரிடம் ஒரு கூடை என்று பொறுக்கிக்கொண்டு போகும் சில்லறை லோடு வண்டிகளைக் கண்டால் நல்லுசாமியின் டிரைவர்கள் ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள். கண்ணுசாமி அந்த வண்டிகளுக்குக் ‘கூடைக்காரி’ என்று பேர் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் முதலாளியை விட்டு வந்தது ஓர் ஆட்டுக்கல்லால். அவர் மனைவி சிவனம்மாளுக்குத் தொப்பம்பட்டி பிறந்த ஊர். அங்கே அவளுடைய அம்மா கொடுத்த ஆட்டுக்கல்லை, வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு நாளில் கண்ணுசாமி ஏற்றி வந்துவிட்டார். ஆபீஸ் வாசலில் நல்லுசாமி அதைப் பார்த்தார். லோடுமேன்கள் எல்லோரும் நிற்கையில், அதை அங்கேயே இறக்கச் சொன்னார். முழு லோடு வண்டியில் சட்டிபானை ஏறக்கூடாது என்பது சட்டமாம். கண்ணுசாமி இறக்கினார். ஒரு மாட்டுவண்டி பிடித்துக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் போய், இனிச் சொந்த வண்டி ஓட்டிக்கொள்கிறேன் என்று சாவியை மேஜையில் வைத்தார். அப்போது நல்லுசாமி சொன்னதை எங்கள் சந்தில் சின்னப்பிள்ளைகூட ஒப்பிக்கும்.

“போலே, போ. ஸ்டீரிங் புடிச்சவனெல்லாம் மொதலாளி ஆயிர முடியாது. லோடு இல்லாம வண்டி நின்னா இங்கதான வரணும்? கதவு தொறந்தேதான் கெடக்கும்.”

ஆக, கண்ணுசாமிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தத் திறந்த கதவுக்குள் மறுபடி நுழையாமல் இருப்பது. முதலாளியை விட்டுவிட்டு வந்தவர் முதலாளியின் சட்டத்தை மட்டும் பத்திரமாகக் கையோடு எடுத்து வந்துவிட்டார் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சிவனம்மாளிடம் சொன்னேன். அவள், தனக்கு அது முன்னமே தெரியும் என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. சிறுமலை வாழைப்பழ மண்டியில் கொஞ்சம் தார்கள் இருப்பதாகச் சொல்லி விட்டார்கள். செபாஸ்தியம்மாள் தன் தங்கைக்கு ஒரு பீரோ அனுப்ப வேண்டுமென்றாள். ஒரு பாத்திரக்கடைக்காரர் பாதி வண்டிக்கு அண்டா குண்டா இருப்பதாக ஆள் அனுப்பினார். எல்லோருக்கும் கண்ணுசாமி ஒரே பதிலைத்தான் சொன்னார். இடம் இல்லை. காலி லாரியில் சாய்ந்து நின்றுகொண்டு இடம் இல்லை என்று சொன்ன மனிதரைத் திண்டுக்கல் அதற்கு முன்னால் பார்த்திருக்காது. செபாஸ்தியம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. லாரியின் பக்கவாட்டுக் கம்பியில் துணி காயப்போட ஆரம்பித்தாள். வேட்டி, சேலை, போர்வை எல்லாம் வரிசையாகத் தொங்கும். அந்த வகையில் வண்டி முழு லோடாகத்தான் இருந்தது.

கடைசியில் ரஹ்மத்துல்லா பாய் வந்தார். புளி, வத்தல் மண்டி வைத்திருப்பவர். வாரா வாரம் பழனிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவார். பாதி வண்டிக்கு மூட்டை இருந்தது. அதை முழுசாக ஆக்க முடியாதா என்று கண்ணுசாமி கேட்டதற்கு, பழனியில் சாம்பாருக்கு வேண்டிய புளி அம்புட்டுத்தான் என்று பாய் சொல்லிவிட்டார். கண்ணுசாமி வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து சிவனம்மாள் முந்திக்கொண்டாள்.

“பாதியாச்சும் ஏத்துங்க. இல்லேன்னா நானே போயி நல்லுசாமிகிட்ட உங்க காக்கிச் சட்டையைக் காட்டிப் பழைய வேலையைத் திருப்பிக் கேட்டுட்டு வாரேன்.”

ஏற்றினார். ஆனால் பாதி வண்டியோடு பழனி ரோட்டில் போனால் நல்லுசாமி ஆபீசைத் தாண்டித்தானே போக வேண்டும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கேதான் கண்ணுசாமியின் மூளை சாதாரண மூளை இல்லை என்று தெரிகிறது.

ஊருக்கு வெளியே கடலை மில் ஒன்று உண்டு. கடலையை உடைத்து எடுத்துக்கொண்டு தொலியை மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். எடுத்துப் போனால் புண்ணியம் என்பார்கள். கண்ணுசாமியும் சிவனம்மாளும் பழைய சாக்குகளில் அந்தத் தொலியை அடைத்துத் தைத்தார்கள். பாயின் மூட்டைகளை அடியில் போட்டு, அதன்மேல் தொலி மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை மிதித்து இழுத்துக் கட்டினார். பார்க்கிறவர்களுக்கு அது வானத்தை முட்டும் முழு லோடு. நல்லுசாமி ஆபீஸ் வாசலில் வண்டியை மெதுவாக விட்டு, ரப்பர் பந்து ஹாரனை மூன்று தரம் அமுக்கினாராம். நல்லுசாமி எழுந்து வாசலுக்கு வந்து, வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்று மாலை கண்ணுசாமி சந்துக்குள் நடந்த நடையைப் பார்த்து நாய்கள் விலகின.

போணி நன்றாக அமைந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. நானும் நம்பியிருப்பேன். ஆனால் சும்மா இருக்கிற கண் எதையாவது பார்த்துவிடும். செபாஸ்தியம்மாள் வீட்டு வாசல் சாக்கடைமேல் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. முழு லோடு வண்டி அதில் ஏறினால் கல் முனகும், பல சமயம் உடையும். கண்ணுசாமியின் வண்டி கோபுரம்போல ஏற்றிக்கொண்டு போனாலும் கல் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது சிவனம்மாளின் தலைமுடி. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதில் தவிட்டு நிறத்தில் தூசி. மூன்றாவதாக, சிவப்புச் சேலைத் துண்டு வைத்து ஒட்டுப்போட்ட ஒரு சாக்கு. அது போன வாரமும் பழனிக்குப் போனது, இந்த வாரமும் போனது. பழனிக்குப் போய் விற்காமல், மொட்டையும் போடாமல் திரும்பி வருகிற சரக்கு என்ன சரக்கு?

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஜக்கம்மாளிடம் சொன்னதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் நம்பவும் இல்லை. இம்புட்டு உசரம் கட்டிப் போகிறவன் அதற்குள் தொலியையா வைத்திருப்பான், உனக்குப் பொறாமை என்றாள். சனங்கள் கண்ணை நம்புவதைவிடத் தார்ப்பாயை அதிகம் நம்புகிறார்கள்.

ஆனால் தார்ப்பாய் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணுசாமி அதை எதிர்பார்க்கவில்லை. முன்பு வாரத்துக்கு நாலு பேராவது வந்து இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இப்போது ஒருவரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? தெருவில் போகிறபோதே வண்டி முட்ட முட்டப் போகிறது. பாத்திரக்கடைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். வாழைப்பழ மண்டியில், கண்ணுசாமிக்கு இனி நம்மை எல்லாம் தெரியாது என்று பேசிக்கொண்டார்கள். பாதி லோடு வாடகையில் முழு வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஊர் மெச்ச ஓடிக்கொண்டிருந்தார் மனிதர். வாரத்தில் ஒரு நாள் ராஜா, மற்ற நாளெல்லாம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவனம்மாள் வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் குறைந்து, பிறகு காணாமலே போனது. என் வீட்டுக்கு ரசம் கேட்டு வரவில்லை. வராததிலிருந்துதான் எனக்கு நிலைமை புரிந்தது.

ஒரு நாள் புளி வாங்கப் பாய் மண்டிக்குப் போயிருந்தேன். கண்ணுசாமியும் அங்கே இருந்தார். மண்டி வாசலில் வேறொரு லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. எங்கே போகிறது என்று கண்ணுசாமி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“பழனிக்குத்தான்” என்றார் பாய். “தைப்பூசம் வருதுல்ல, கடைக்காரங்க ரெண்டு மடங்கு கேக்குறாங்க.”

“ஏன் பாய், என்கிட்டச் சொல்லக்கூடாதா?”

“உன்கிட்ட எங்கப்பா சொல்றது? என் மூட்டைக்கு மேலேயே யார் யாரோ சரக்கை ஏத்தி அடுக்கியிருக்கே. அதைக்கூட நான் ஏன்னு கேக்கல. பொழைக்கிற புள்ள, பொழைச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். உன் வண்டியிலதான் இடமே இல்லையே.”

  கண்ணுசாமி ஒரு வத்தலை எடுத்து உடைத்து, விதையைப் பார்த்தார், இடம் அதற்குள்தான் இருக்கிறது என்பதுபோல. பிறகு, ஆமாம் பாய், ரொம்ப நெருக்கடியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் புளி வாங்கியதில் கொட்டை எடுத்திருந்ததா என்று பார்க்க மறந்து, வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினேன்.

அதற்கு அடுத்த நடையில்தான் அது நடந்தது. நான் அங்கே இல்லை. ஆனால் பஸ் கண்டக்டர் முத்துச்சாமி, கூடை முடைகிற பொம்மையன், சந்தைக்குப் போய் வந்த இரண்டு பேர் என நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். நாலிலும் பொதுவாக இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் மதுவிலக்குப் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தை நாள். எதிரே ஒரு மேடு. நெல் ஏற்றிய வண்டிகள் எல்லாம் அந்த மேட்டில் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்க, அவற்றைவிட உயரமாகக் கட்டிய கண்ணுசாமியின் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளி ஏறியது. ஏட்டையாவுக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே என்ன என்று கேட்டதற்குக் கண்ணுசாமி சரக்கு என்றார். என்ன சரக்கு என்றதற்குப் பேசாமல் நின்றார். அது போதாதா? மேலே இருந்து ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, குத்தூசி போட்டுக் குத்திப் பார்த்தார்கள். சாராயக் கேன் வரவில்லை. கடலைத் தொலி வந்தது. இன்னொரு மூட்டை, இன்னும் தொலி. காற்று வேறு அடித்தது. சந்தைக்குப் போகிற சனமெல்லாம் கூடி, ரோடெல்லாம் தொலி பறப்பதைப் பார்த்தது. இவர் ஒரு வேளை சாமிக்கு வேண்டிக்கொண்டு தொலி சுமக்கிறாரோ என்று ஏட்டையா கேட்டாராம். அதை அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை என்கிறார் முத்துச்சாமி.

கண்ணுசாமி அழுதார் என்று பொம்மையன் சொல்கிறார், சிரித்தார் என்று மற்றவர் சொல்கிறார். அது எனக்குத் தெரியாது. ஆனால் பழனிச் சந்தைக்குப் போக பஸ் கிடைக்காமல் தக்காளிக் கூடைகளோடு வெயிலில் நின்றிருந்த பெண்களில் அய்யம்மாள் என்று ஒருத்தி முன்னால் வந்து கேட்டதை நாலு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

“ஏனுங்க, இந்தத் தொலி போறதுக்கு இடமிருக்குதுங்க. எங்க தக்காளிக்கு மட்டும் இல்லீங்களா?”

 கண்ணுசாமி பதில் சொல்வதற்குள் பெண்கள் கூடைகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களும் ஏறிக்கொண்டார்கள். போலீஸ்காரரே இரண்டு கூடையைத் தூக்கிக் கொடுத்தாராம். ஒட்டுப்போட்ட சாக்கு உட்படத் தொலியெல்லாம் ரோட்டோரத்தில் கிடக்க, கூடைக்காரிகளோடு கண்ணுசாமி பழனிக்குப் போய்ச் சேர்ந்தார். அதில் கிடைத்த வாடகையைச் சிவனம்மாளிடம் கொடுக்கும்போது, எங்கேயோ திருடினவர் மாதிரிக் கொடுத்தார் என்று அவளே பிற்பாடு சொன்னாள்.

செய்தி அவருக்கு முன்னாலேயே பஸ்ஸில் திண்டுக்கல் வந்துவிட்டது. மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு தெரு விடாமல் பரவியது. ஜக்கம்மாள் என்னிடம் வந்து, அந்த வண்டியில் ஏற்றினது கடலைத் தொலியாம், தெரியுமா என்று கேட்டாள்.  சில சமயம் பேசாமல் இருப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது.

நல்லுசாமியும் கேள்விப்பட்டார். வயிறு வலிக்கச் சிரித்தார் என்று கேள்வி. சிரித்து முடித்த பிறகு ஆள் அனுப்பினார். மூன்றாம் நம்பர் வண்டிக்கு டிரைவர் இல்லை, திங்கட்கிழமை காலையில் வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம், பழைய சம்பளமே தருவார் என்று வந்த ஆள் சந்தில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனான். கண்ணுசாமி வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். மறுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை வருகிற வரைக்கும் லாரியை அவர் துடைக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சிவனம்மாள் அதைத் துவைத்துக் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள் போல. மடிப்பில் பழைய கிரீஸ் அப்படியே இருந்தது. வந்தவரால் சந்து முனையைத் தாண்ட முடியவில்லை. முனையை அடைத்துக்கொண்டு ரஹ்மத்துல்லா பாயின் மாட்டுவண்டிகள் நின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, மூட்டைகளோடு. பாய் முன்னால் நின்றார். அவர் கோபப்பட்டு எங்கள் சந்து அதுவரை பார்த்ததில்லை.

“தொலிக்கு இடம் வச்சுக்கிட்டு என்கிட்ட நெருக்கடின்னு சொன்னியாக்கும்? நான் வேற வண்டிக்காரன்கிட்டப் போயி நின்னேன். எறக்குங்கலே மூட்டையை!”

பாய்க்குப் பின்னால் வாழைத்தார்கள் ஒரு கைவண்டியில் வந்தன. பாத்திரக்கடைக்காரர் அனுப்பிய அண்டாக்கள் வந்தன. செபாஸ்தியம்மாள் தன் பீரோவை ஏற்கெனவே வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஊர் பூராவும் சிரித்ததில் ஊர் பூராவுக்கும் தெரிந்துபோன சங்கதி ஒன்றுதான். பழனி ரோட்டில் ஓடும் ஒரு லாரியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. சினிமாக் கொட்டகை வண்டி போல மேளம் அடித்து நோட்டீஸ் போட்டாலும் இத்தனை வேகமாகப் பரவியிருக்காது.

கண்ணுசாமி காக்கிச் சட்டையோடு நின்றார். அவருடைய வாய் பழக்கதோஷத்தில் மெல்ல ஆரம்பித்தது.

“இடம்...”

“இருக்குன்னு ஊருக்கே தெரியும்ணே” என்றாள் செபாஸ்தியம்மாள். “பீரோவைப் புடிங்க.”

பீரோவைப் பிடித்தார். மூன்றாம் நம்பர் வண்டியின் சாவி அன்றைக்கு நல்லுசாமியின் மேஜையிலேயே கிடந்தது.

அதற்கப்புறம் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதிவிடலாம். நடக்கவில்லை. முழு லோடு ஓட்டினவருக்குச் சில்லறை லோடு அடுக்கத் தெரியவில்லை. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பது புரியவே அவருக்குப் பல நடை ஆனது. வழியில் முதல் ஊரில் இறக்க வேண்டிய ஒரு தையல் மெஷினை அடியில் போட்டுவிட்டு, அதை எடுக்க ரோட்டில் முழு வண்டியையும் இறக்கி ஏற்றியிருக்கிறார். பாய் வத்தலுக்குப் பக்கத்தில் யாருடையவோ மல்லிகைப்பூக் கூடையை வைத்து, பூ வாங்கினவர்கள் எல்லோரும் தும்மியிருக்கிறார்கள். உடைந்த ஊறுகாய்ச் சாடி யாருடையது என்று சத்திரப்பட்டியில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. இரண்டு பேர் என்னுடையது என்றார்கள், உடையாத சாடியை. அதன் பிறகு சிவனம்மாள் ஒரு சட்டம் போட்டாள். சரக்குக்கு உடையவர் தானே நேரில் வந்து, சரக்கைக் காட்டி, அடையாளம் வைத்துக் கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பினால் ஏறாது. எது மேலே, எது கீழே என்று சந்தில் நின்று அவள் கைகாட்ட, கண்ணுசாமி மேலே நின்று அடுக்குவார். ஒரு காலத்தில் முதலாளி சட்டத்தைச் சுமந்தவர் இப்போது வீட்டுக்காரி சட்டத்தைச் சுமந்தார். அவருக்குச் சட்டம் இல்லாமல் இருக்க வராது.

எங்களைக் கேட்டால், சந்துக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை. முழு லோடு போனால் என்ன தெரியும்? ஒரு தார்ப்பாய் தெரியும். சில்லறை லோடில் ஊரே தெரியும். யார் மகளுக்குப் புது ஈயப் பாத்திரம் போகிறது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு டிரங்குப் பெட்டியோடு அனுப்பப்படுகிறாள், எந்த டாக்டர் வீட்டுக்குப் பத்தியக் கீரை வருகிறது, எல்லாம் ஏற்றும்போதே பார்த்துக்கொள்ளலாம். நான் காலை வேலையைச் சீக்கிரம் முடித்துவிடப் பழகினேன்.

இப்படி இரண்டு தைப்பூசம் போனது. ஒரு நாள் காலை, நல்லுசாமியின் கணக்கப்பிள்ளை எங்கள் சந்துக்கு வந்தார். முதலாளியின் மகளைத் தொப்பம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது, பேரன் பிறந்திருக்கிறான், தேக்கில் தொட்டில் ஒன்று செய்து வைத்திருக்கிறது, அதை அனுப்ப வேண்டும் என்றார். சொந்த லாரிகள் நாலு இருக்கும்போது இங்கே எதற்கு என்று ஜக்கம்மாள் கேட்டாள். நாலும் புகையிலை ஏற்றிக் கொச்சிப் பக்கம் போயிருக்கின்றன, அதோடு முழு லோடு வண்டியில் தொட்டில் ஏற்றினால் புகையிலை வியாபாரி கோபித்துக்கொள்வார் என்றார் கணக்கப்பிள்ளை. சிவனம்மாள் அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்காமலேயே, உடையவர் நேரில் வர வேண்டும் என்றாள்.

வந்தார். ஒரு குதிரைவண்டியில், தொட்டிலை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் அடுப்பில் வேலை இருந்த பெண்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். குதிரைவண்டிக்காரர் தொட்டிலைத் தூக்கி, கைக்குக் கிடைத்த இடமாகச் சிவனம்மாளின் வாசலில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். நல்லுசாமி அந்தக் கல்லைப் பார்த்தாரா, பார்த்து அடையாளம் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெயில் அவர் கண்ணில் அடித்தது. 

கண்ணுசாமி லாரியின் மேலே, கடைசிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய் போட்டிருக்கவில்லை. ஒரு கட்டிலின் கால்கள் நாலும் வானத்தைப் பார்த்து நின்றதால் போட முடியவில்லை.

“கண்ணுசாமி” என்று நல்லுசாமி மேலே பார்த்துக் கூப்பிட்டார். “வண்டியில இடம் இருக்காப்பா?”

அந்த ‘அப்பா’வைச் சந்தில் எல்லோரும் கேட்டார்கள். கண்ணுசாமி நிமிர்ந்தார். தன் வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கை நுழைத்துப் பார்த்தார்.

“இடம் இல்ல, மொதலாளி” என்றார்.

அவர் அந்த வார்த்தையை எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

நல்லுசாமி தலையை ஆட்டினார். திரும்பக் குதிரைவண்டியைப் பார்த்தார். சிவனம்மாள் புருஷனைப் பார்த்தாள். கண்ணுசாமி தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வன்மமாகப் பார்க்கவில்லை, பாவமாகவும் பார்க்கவில்லை. சில்லறை லோடுக்காரர் ஒரு பொருளை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

“அது உள்ளாற காலியாத்தான மொதலாளி இருக்கு?”

“ஆமா, காலிதான்.”

“அப்ப அதுவே இடந்தான். மேல ஏத்துங்க. இந்தா, இந்தக் கருவாட்டுப் பொட்டலம் ரெண்டும் அதுக்குள்ள போயிரும்.”

நல்லுசாமியின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிவனம்மாள் குறுக்கே வந்தாள்.

“பச்சப்புள்ள தொட்டில்ல கருவாடு என்னத்துக்கு? வெத்தலைக் கட்டை வைங்க.”

வெற்றிலைக் கட்டுகள் தொட்டிலுக்குள் போயின. அவற்றின்மேல் சின்னாளபட்டிச் சேலை மூட்டை ஒன்று. அது போட்ட பிறகும் ஒரு மூலை மிச்சமிருக்கவே, செபாஸ்தியம்மாள் ஓடிப்போய்ப் பழனியில் இருக்கும் தன் தங்கைக்கு ஒரு முறுக்கு டப்பா கொண்டுவந்து செருகினாள். கட்டிலின் நாலு கால்களுக்கு நடுவில் தொட்டிலை வைத்துக் கட்டினார்கள். நல்லுசாமி கையில் கரியைக் கொடுத்து அடையாளம் வைக்கச் சொன்னாள் சிவனம்மாள். பேரன் படுக்கிற தொட்டிலின் காலில் அவர் குனிந்து ஒரு கோடு போட்டார்.

லாரி கிளம்பியது. செபாஸ்தியம்மாள் வீட்டுச் சாக்கடைக் கல் முனகியது.

பழனி ரோட்டில் நல்லுசாமி ஆபீசைத் தாண்டும்போது கண்ணுசாமி ஹாரன் அடிக்கவில்லை என்று பின்னால் பஸ்ஸில் போன முத்துச்சாமி சொன்னார். பெரிய மனுஷத்தனம் என்று ஜக்கம்மாள் உருகினாள். வண்டி கிளம்பும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஹாரனின் ரப்பர் பந்தை மறைத்துக்கொண்டு யாருடையவோ முருங்கைக்காய்க் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது.